பாதி வரிசையில் பிள்ளை அழுதால்? – பின்னல் கேள்வி பதில்

கைக்குழந்தையும் நூலுருண்டையும் ஒரே மடியில் என்று இருப்பவர்களின் கடிதங்கள்தான் இம்முறை அதிகம். அதிலும் பெரும்பாலானவை வட சென்னையிலிருந்து. குளிர்ப் பிரதேசத்துக்கு எழுதிய குறிப்பை நம் புழுக்கத்துக்கும் உப்புக்காற்றுக்கும் அப்படியே எடுத்துக்கொண்டால் நூலும் வீண், உழைப்பும் வீண். அதனால் நம் ஊருக்கு ஏற்றபடியே பதில் சொல்லியிருக்கிறோம். ஊசியில் நிற்கும் ஒரு வளையத்தைக் 'கண்ணி' என்று குறிப்பிட்டிருக்கிறோம்.

எனக்கு 3 வயதில் மகன், 4 மாதத்தில் மகள். மகளுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லி அத்தை 'பேபி உல்' வாங்கித் தந்திருக்கிறார். குழந்தைக்கு ஏற்கெனவே கழுத்தெல்லாம் வேர்க்குரு. பின்னலாமா? அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.
– வாசகி, ராயபுரம்

பின்னுங்கள், ஆனால் மகளுக்கு அந்த நூல் வேண்டாம். 'பேபி உல்' என்ற பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மார்கழி, தை இரவுகளில்கூட சென்னையில் வெப்பம் 20 டிகிரிக்கு மிகவும் கீழே இறங்குவது அபூர்வம். அந்த அளவு குளிருக்குப் பருத்தி நூலில் ஒரு கையில்லாத மேல்சட்டை தாராளம்.

லேபிள் கிழிந்துபோயிருந்தால் என்ன நூல் என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, 5 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை, ஊதினால் பறக்கும் சாம்பல். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், நெருப்பை எடுத்ததும் தானே அணையும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியாகிவிடும். அந்த மணி ஒன்றைப் பார்த்துவிட்டால் அடுப்படியில் பிடிதுணிக்கு அக்ரிலிக் ஏன் ஆகாது என்பதும் புரியும்.

4 ப்ளை பருத்தி நூல் ('ப்ளை' நூலின் தடிமனைக் குறிக்கும் எண்), 3.25 மி.மீ. ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு 28 கண்ணி வரும். அளவை மட்டும் இன்றைய குழந்தைக்கு எடுக்காதீர்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சட்டையை முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். மார்கழியில் அவளுக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று எண்ணி அந்த அளவில் தொடங்குங்கள். 6 முதல் 12 மாதக் குழந்தைக்கு மார்புச் சுற்று 44–46 செ.மீ. இருக்கும், சட்டை 50 செ.மீ. சுற்று இருக்கட்டும். முதுகுக்கு 70 கண்ணி, முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் 35, அதோடு பட்டிக்கு 6. உயரம் 26 செ.மீ., கை வளைவு 11 செ.மீ. நூல் 100 முதல் 120 கிராம் ஆகும். சவுகார்பேட்டைப் பக்கம் போய் வாங்கினால் மொத்த நூலையும் ஒரே நாளில், ஒரே லாட் நம்பர் பார்த்து வாங்குங்கள். ஒரே வெள்ளை என்று நினைத்து அடுத்த மாதம் வாங்கும் உருண்டை, பக்கத்தில் வைத்தால் வேறு வெள்ளையாகத் தெரியும்.

பருத்தியில் ஒரு குறை உண்டு. கம்பளியைப் போல இழுத்தால் திரும்பச் சுருங்காது. இடுப்புப் பட்டியை உடம்பு பின்னிய ஊசியிலேயே பின்னினால் நாலு சலவையில் தொளதொளவென்று விரிந்துவிடும். பட்டிக்கு மட்டும் 2.75 மி.மீ. ஊசி போடுங்கள். துவைத்ததும் கொடியில் தொங்கவிடக் கூடாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனமாகும், அந்தக் கனமே சட்டையை நீளவாக்கில் இழுத்துவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் கட்டிலின் மேல் பரப்பிக் காய வையுங்கள்.

முன்பக்கம் திறந்த மாதிரியே நல்லது, தலை வழியாக மாட்ட வேண்டியதில்லை. கழுத்தில் கயிறு வேண்டாம். பட்டனுக்குப் பதில், ரிப்பனில் தைத்த பிரஸ் பட்டன் வைத்து, ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இழுத்துப் பாருங்கள். காலுறையோ கையுறையோ பின்னினால் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மாட்டவே மாட்டாதீர்கள். தளர்ந்த ஒரு நூல் கால்விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே தடைப்படும், குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வண்ணம் சேர்த்து, உள்ளே நூலை நீட்டி இழுத்துப் போகும் பூவேலை கைக்குழந்தைக்கு ஆகாது என்பதும் இதனால்தான்.

அத்தை தந்த நூலில் அவருக்கே ஒரு மப்ளர் பின்னிக் கொடுங்கள். 20 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம் போதும். விடியற்காலையில் கோயிலுக்குப் போகும்போது கழுத்தில் போட்டுக்கொள்வார்.

பின்னிய உடைகளை அலமாரியில் வைக்கும்போது பாச்சா உருண்டை போடலாமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

குழந்தை உடைகள் இருக்கும் அலமாரியில் போடவே கூடாது. நாஃப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் தங்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்தத் துணியை உடுத்தினால் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தசோகையும் கடுமையான மஞ்சள்காமாலையும் வரலாம். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை. கற்பூரமும் வேண்டாம். தவழும் பிள்ளை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரும். உண்மையில் அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியைத்தான். பருத்தி, அக்ரிலிக் உடைகளுக்கு அந்தப் பயம் இல்லை. துவைத்து, ஈரமே இல்லாமல் காயவைத்து, இறுக மூடும் கவரில் வையுங்கள்.

இணையத்தில் ஒரு வீடியோ பார்த்து 2 வயது மகனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் பின்னினேன். '8-ஆம் நம்பர் ஊசி, 108 கண்ணி' என்றார்கள். கடையில் 8-ஆம் நம்பர் ஊசியே கேட்டு வாங்கி, சொன்னபடியே செய்தேன். போட்டால் மார்பைப் பிடிக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, பெரம்பூர்

தப்பு உங்களுடையது இல்லை, ஊசி எண்ணுடையது. நம் கடைகளில் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் எண்தான் வழக்கம். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க எண் நேர் எதிர், எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நீங்கள் பார்த்தது அமெரிக்கக் குறிப்பாக இருக்க வேண்டும். அங்கே 8 என்றால் 5 மி.மீ., நம் கடையில் 8 என்றால் 4 மி.மீ. உங்களுக்கு வேண்டியிருந்தது நம் கணக்கில் 6-ஆம் நம்பர்.

நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நம் கடை எண் 12 என்றால் 2.75 மி.மீ., 11 என்றால் 3, 10 என்றால் 3.25, 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 7 என்றால் 4.5, 6 என்றால் 5. இனி எண்ணே சொல்லாமல் மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். குரோஷாவிலும், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலிலும், இதே குழப்பம் உண்டு. அமெரிக்கர்கள் 'சிங்கிள்' என்பதைப் பிரிட்டிஷ் குறிப்பில் 'டபுள்' என்பார்கள்.

கணக்கு எப்படிப் போயிற்று என்று பாருங்கள். 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வந்தால் 108 கண்ணி 60 செ.மீ. சுற்று. 4 மி.மீ. ஊசியில் 22 கண்ணி வந்திருக்கும், அதே 108 கண்ணி 49 செ.மீ.தான். 2 வயதுப் பையனின் மார்பே ஏறத்தாழ 52 செ.மீ. பிடிக்காமல் என்ன செய்யும்?

இதைத் தடுக்க ஒரே வழி மாதிரித் துண்டு. எல்லாரும் சோம்பல் படும் வேலை இதுதான், ஆனால் விடவே கூடாத வேலையும் இதுதான். 30 கண்ணி ஏற்றி 12 செ.மீ. உயரம் பின்னி முடியுங்கள். சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவையுங்கள். பிறகு ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் ஸ்கேல் வைத்து, 10 செ.மீ.க்குள் எத்தனை 'வி' வடிவம் இருக்கிறது என்று எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அரையையும் சேருங்கள், இழுத்து முழுதாக்காதீர்கள். 120 கண்ணிச் சட்டையில், 10 செ.மீ.க்கு 22 என்பது 20 ஆகிவிட்டால் சுற்று 54.5-இலிருந்து 60 செ.மீ.க்குப் போய்விடும்.

பின்னியதைப் பிரிக்க வேண்டாம். கையில்லாத ஸ்வெட்டர் என்பதால் காப்பாற்றிவிடலாம். இரு பக்கத் தையலையும் பிரியுங்கள். முன்துண்டின் ஓரத்தில், கீழிருந்து கை வளைவு வரை, 4 வரிசைக்கு 3 கண்ணி வீதம் புதிதாக எடுத்து, அதே ஊசியில் 4 செ.மீ. அகலப் பட்டை பின்னி முதுகுத்துண்டோடு தையுங்கள். இரு பக்கமும் சேர்த்து 8 செ.மீ. கூடும், மொத்தம் 57. மார்பு 52, தளர்வு 5, சரியாக வந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணி என்று எடுத்தால் பட்டை சுருக்கு வைத்த பாவாடை மாதிரி அலையடிக்கும். நாலுக்கு மூன்று என்ற கணக்கை விடாதீர்கள். இதே நூல் மிச்சம் இல்லையென்றால் வேறு நிறத்தில் போடுங்கள், வேண்டுமென்றே வைத்த கோடு போல் இருக்கும்.

40 கண்ணியில் தொடங்கினால் 10 வரிசைக்குள் 43 ஆகிவிடுகிறது. நடுநடுவே ஓட்டைகள். குழந்தை அழுதால் பாதி வரிசையில் வைத்துவிட்டு ஓடுகிறேன், வந்து எடுத்தால் எந்தப் பக்கம் பின்னினேன் என்றே தெரிவதில்லை.
– வாசகி, திருவொற்றியூர்

இதில் மூன்று கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் திசை. வேலையைக் கையில் எடுத்ததும், உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் முடிகிறது என்று பாருங்கள். அந்த ஊசி எப்போதும் வலது கைக்கு. மாற்றிப் பிடித்துத் தொடர்ந்தால் துண்டின் ஒரு பாதியில் 2 வரிசை கூடிவிடும், திரும்பிய இடத்தில் ஓட்டை விழும். 'நூல் தொங்கும் ஊசி வலது கை' என்ற ஒன்றை மட்டும் பழக்கிக்கொண்டால் தூக்கக் கலக்கத்திலும் தவறாது.

இரண்டாவது, கண்ணி பெருகுவது. ஓரத்தைப் பாருங்கள். நிட் (நேர்ப்பின்னல்) வரிசையைத் தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாக இழுத்துப் பின்னால் போடுகிறீர்கள் போலிருக்கிறது. அப்படி இழுத்தால் முதல் கண்ணி ஊசிமேல் ஏறி, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணி போல நிற்கும். இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிடும். நூலை முதலில் முன்பக்கம் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோய் அப்புறம் தொடங்குங்கள்.

மூன்றாவது, நடுவில் விழும் ஓட்டை. நிட்டிலிருந்து பர்லுக்கு (எதிர்ப்பின்னலுக்கு) மாறும்போது நூல் இரண்டு ஊசிகளுக்கும் இடையில் வர வேண்டும். ஊசியைச் சுற்றி வந்தால் அதுவே ஒரு புதுக் கண்ணியாகிவிடும். அடுத்த வரிசையில் கண்டுபிடித்தால் அந்தச் சுற்றை ஊசியிலிருந்து நழுவவிடுங்கள், போதும். பல வரிசை தாண்டிவிட்டால், எங்காவது 2 கண்ணியைச் சேர்த்துப் பின்னி எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டு, ஓட்டையைப் பின்பக்கத்திலிருந்து அதே நூலால் தைத்துவிடலாம்.

பிள்ளை இழுத்து ஊசி உருவிவிட்டால் பதற வேண்டாம். விழுந்த கண்ணியில் உடனே ஒரு சேஃப்டி பின்னைக் கோத்து, மேலும் இறங்காமல் நிறுத்துங்கள். சாவகாசமாக உட்கார்ந்ததும், நேர்ப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். கண்ணிக்கு மேலே ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். 3 மி.மீ. குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, முதல் படியைக் கொக்கியில் பிடித்து வெளியே இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. அடுத்த படி, அதற்கடுத்த படி என்று வரிசையாக ஏறுங்கள். ஒரு படியைத் தாண்டிவிட்டால் பின்பக்கம் ஒரு நூல் சும்மா கிடக்கும், அங்கே வரைக்கும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். உச்சிக்கு வந்ததும் இடது ஊசியில் மாட்டும்போது கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும். இடது கால் முன்னால் நின்றால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

இனி வைக்கும் முறை. 20 கண்ணிக்கு ஒரு நிமிடம் என்று பின்னுகிறவருக்கு 60 கண்ணி வரிசைக்கு 3 நிமிடம். அழுகிற பிள்ளையை 3 நிமிடம் காக்க வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். பாதியில் வைத்தாலும் கெடாத கருவியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நேர் ஊசிக்குப் பதில், 60 அல்லது 80 செ.மீ. வட்ட ஊசியில் முன்னும் பின்னுமாகப் பின்னலாம். எழுந்திருக்கும்போது கண்ணிகளை நடு வயருக்குத் தள்ளிவிட்டால் ஊசி முனையிலிருந்து ஒன்றும் நழுவாது. குரோஷா இன்னும் சுலபம். அதில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதை ஒரு சாண் நீளம் இழுத்துவிட்டுப் போகலாம்.

பகலில் பின்னுவது ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் எளிய துண்டாக இருக்கட்டும். எண்ணிப் பின்னும் பூவேலை பிள்ளைகள் தூங்கிய பிறகு. வரிசைக் கணக்குக்குப் புளியங்கொட்டை, மணி என்று வைக்காதீர்கள், அது வாய்க்குப் போகும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலை முழுவதையும் வைக்க திருகு மூடி போட்ட உயரமான தூக்குவாளி நல்ல இடம். உருண்டை உருண்டு கட்டிலுக்கடியில் போகாது. ஊசியும் கத்தரியும் உள்ளேயே அடங்கிவிடும், மூடியைத் திருகிவிட்டால் 2 வயதுக் கை திறக்காது.

வெள்ளை நூலில் குரோஷா வேலை செய்கிறேன். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுகிறது. துவைத்தால் போகவில்லை.
– வாசகி, எண்ணூர்

அது ஊசியின் துரு. மெல்லிய குரோஷா ஊசிகள் ஸ்டீல். கைவேர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் முலாம் போன இடத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலையிலேயே குத்தி வைக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கறையின்மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டி, நன்றாக அலசுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான் இது, வண்ண நூலில் செய்தால் சாயம் வெளுக்கும்.

பிரசவ ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக் கொடுக்க நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். அளவு சொல்லுங்கள்.
– வாசகி, மணலி

அருமையான காரியம். ஆனால் நூலை வாங்குவதற்கு முன் அந்த வார்டின் செவிலியரைப் பார்த்துக் கேளுங்கள். சில இடங்களில் வெளி உடைகளை வாங்க மாட்டார்கள். வாங்கும் இடத்திலும் எந்த அளவு தட்டுப்பாடு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 செ.மீ. குல்லா கவ்விப் பிடிக்க 30 செ.மீ. சுற்று போதும். 4 ப்ளை பருத்தியில் 84 கண்ணி. குறைமாதத்துக்கு 25 செ.மீ. சுற்று, 70 கண்ணி. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்கு டயப்பரும் காலுறையும் குல்லாவும்தான் உடை, அதனால் குல்லா உண்மையாகவே பயன்படும். குஞ்சம், கயிறு, பட்டன், ஜரிகை எதுவும் கூடாது. பூ ஓட்டையுள்ள பின்னலும் வேண்டாம், சூடு தங்காது. வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் அளவு எழுதிக் கொடுங்கள்.

இதே குல்லாவை வீட்டில் தூங்கும் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள். குழந்தை உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் பெருமளவு வெளியேற்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்பு சூடேறிவிடும்.

மாமனார் மார்கழி முழுக்க விடியற்காலை 5 மணிக்கே வெளியே போய்விடுவார். அவருக்கு மங்கி குல்லா பின்னித் தர ஆசை. எனக்கு நிட், பர்ல் தெரியும், இரண்டும் மாறி மாறி வரும் ரிப் தெரியும்.
– வாசகி, வியாசர்பாடி

அது போதும். பெரியவருக்கு அக்ரிலிக்கே சரி. 8 ப்ளை நூல் 100 கிராம், 4 மி.மீ. வட்ட ஊசி 40 செ.மீ. நீளத்தில் ஒன்று, உச்சிக்கு 4 மி.மீ. நான்கு ஊசி செட் ஒன்று. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வர வேண்டும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். 112 கண்ணி ஏற்றி வட்டமாகச் சேருங்கள். சேர்க்கும் முன் ஏற்றிய விளிம்பு முழுதும் கீழ்நோக்கி இருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் முறுக்கியிருந்தாலும் பின்னால் சரிசெய்யவே முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். 2 நிட், 2 பர்ல் ரிப்பில் 12 செ.மீ.

அடுத்து முகத்துக்கு வழி. 28 கண்ணியை ஒரு தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, மீதி 84 கண்ணியை மட்டும் நேர்ப்பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று முன்னும் பின்னுமாக 12 செ.மீ. பின்னுங்கள். பிறகு இடைவெளியில் 28 கண்ணியைப் புதிதாக ஏற்றி மறுபடி வட்டமாக்கி, வெறும் நிட்டில் 5 செ.மீ. போங்கள்.

உச்சியைக் குறைக்க, 112-ஐ 14 கண்ணியாக 8 பங்கு போடுங்கள். ஒவ்வொரு பங்கிலும் கடைசி 2 கண்ணியைச் சேர்த்துப் பின்னுங்கள், அடுத்த சுற்று சும்மா நிட். இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று. பங்குக்கு 5 கண்ணி ஆனதும் எல்லாச் சுற்றிலும் குறையுங்கள். கண்ணி 80-க்குக் கீழே போகும்போது வட்ட ஊசி இழுத்துக்கொள்ளும், அப்போது நான்கு ஊசிக்கு மாற்றுங்கள். 8 கண்ணி நின்றதும் நூலை அறுத்து, எல்லாவற்றுக்குள்ளும் கோத்து இறுக்கி உள்ளே முடியுங்கள்.

கடைசியாக முகத்தைச் சுற்றி ரிப் பட்டி. நிறுத்திய 28, மேல் விளிம்பில் 28, இரு பக்கமும் 26, ஆக 108 கண்ணி. 3.25 மி.மீ. ஊசியில் 1.5 செ.மீ. பின்னித் தளர்வாக முடியுங்கள். இறுக்கி முடித்தால் மாட்டும்போது மூக்கை அறுக்கும். மாமனார் கண்ணாடி போடுபவர் என்றால் பட்டியை முடிப்பதற்கு முன் கண்ணாடியோடு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். காதுக்கருவி வைத்திருந்தால் அந்த இடத்தில் குல்லா உரசி 'கீ' என்று சத்தம் வரும். அவருக்கு முகத் திறப்புக்குப் பக்கத்தில் உள்ள பின்னலை அரை மி.மீ. தடித்த ஊசியில், 4.5 மி.மீ.யில், தளர்வாகப் பின்னிக் கொடுங்கள்.